டென்வரில் பூத்த ஐரிஸ் அட்லாண்டாவில் அழுகுகிறது, என்ன செய்யலாம்?

செம்மண்மேடு:

எல்லோருக்கும் வணக்கம். டென்வரில் இருந்தவரை பியர்டட் ஐரிஸுக்கு (இதழில் தாடி மாதிரி முடியுள்ள, கிழங்கால் வளரும் பூச்செடி) நான் பெரிதாக எதுவும் செய்ததில்லை. வெயில் விழும் சரிவில் நட்டிருந்தேன், மே கடைசியில் தண்டு விட்டு ஜூனில் பூத்துக் குலுங்கும், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்து நடுவேன், அவ்வளவுதான். வேலை மாறி அட்லாண்டாவுக்கு வடக்கே வந்தபோது எனக்குப் பிடித்த ரகங்களின் கிழங்கையெல்லாம் காயவைத்து எடுத்து வந்தேன். முதல் வசந்தத்தில் சில பூத்தன, இலையும் நல்ல நீலப்பச்சையாகத்தான் இருந்தது. ஜூனில் மாலை மழை தொடங்கியதும் ஒவ்வொரு கொத்தாகச் சாய ஆரம்பித்துவிட்டது. சாய்ந்த இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் மொத்தமாகக் கையோடு வருகிறது. அடியில் கிழங்கின் தோல் அப்படியே முழுசாக இருக்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே கூழ், அந்த நாற்றம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகவில்லை.

நிலவரம் இது. மண் இந்தப் பக்கத்துச் செங்களி, மழை விட்டு மறுநாளும் குழியில் தண்ணீர் நிற்கும். வீட்டோடு வந்த தானியங்கி ஸ்பிரிங்ளர் புல்தரைக்கு அடிப்பது பாத்தியிலும் விழும். எல்லா வீட்டிலும் போடுவதுபோலப் பைன் ஊசி மூடாக்கு. வெயில் காலையில் ஐந்து மணி நேரம் கிடைக்கும், மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டு ஓக் மரம் மறைத்துவிடும்.

மழைதான் காரணம் என்றால் ஒரு சந்தேகம் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய ஐரிஸ் பண்ணைகள் மழைக்குப் பேர்போன ஒரேகானில்தானே இருக்கின்றன, அங்கே ஏன் அழுகுவதில்லை? இங்கேயே இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டு வாசலில் குட்டையான வெள்ளை ஐரிஸ் கவனிப்பாரில்லாமல் ஜம்மென்று நிற்கிறது. அப்படியானால் மழையா, மண்ணா, வெக்கையா, எதை முதலில் சரிசெய்வது? மிச்சமிருக்கும் கிழங்குகளைக் காப்பாற்ற வேண்டும், அதில் இரண்டு ரகம் திரும்பத் தேடினால் கிடைக்காது.

மழைநிழல்:

நான் ஒரேகான் சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன் (நம்ம ஊர் சேலம் இல்லை), அதனால் அந்தச் சந்தேகத்துக்கு நானே பதில் சொல்கிறேன். நீங்கள் ஆண்டு மொத்தத்தைப் பார்க்கிறீர்கள். அதைப் பார்த்தால் எதுவும் விளங்காது. அட்லாண்டாவில் வருடத்துக்குச் சுமார் 50 அங்குலம் பெய்கிறது, இங்கே சுமார் 40, பெரிய வித்தியாசமில்லை. மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எங்களுக்கு மழை நவம்பரிலிருந்து வசந்தம் வரை கொட்டும், ஜூலை வந்தால் மாதம் முழுக்கச் சேர்த்து அரை அங்குலம் தேறுவதே பெரிது, மண் தூசி பறக்கும். உங்களுக்கு ஜூலையில் மட்டும் நான்கு ஐந்து அங்குலம். இந்தச் செடிக்குக் குளிரில் வரும் தண்ணீர் பெரிய ஆபத்தில்லை, வெக்கையில் வரும் தண்ணீர்தான் எமன். நீங்கள் சொல்லும் கூழும் நாற்றமும் பாக்டீரியா அழுகல். பெக்டோபாக்டீரியம் என்று பெயர், பழைய புத்தகங்களில் எர்வினியா என்று இருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் பசையாக இருக்கும் பெக்டினைக் கரைத்துவிடும், அதனால்தான் தோல் மேலே நிற்க உள்ளே கஞ்சியாகிவிடுகிறது. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் விடாத ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் ஜனவரி மழையில் மண் சில்லென்று இருக்கும், அந்தக் குளிரில் அது வேகமெடுக்காது.

இங்குள்ள பெரிய ஐரிஸ் பண்ணைகளில் ஒன்றான ஷ்ரைனர்ஸின் கதையே இதற்கு ஒரு சாட்சி. 1925-இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தொடங்கியவர்கள், 1940-களில் மொத்தமாக இந்த வில்லாமெட் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். மிதமான குளிர்காலம், காய்ந்த கோடை, கிழங்கு விளைவிப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

இந்தச் செடியின் பூர்வீகத்தைப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். இப்போது நாம் நடும் உயரமான ரகங்களின் முன்னோர்கள் டால்மேஷியாவின் (குரோஷியக் கடற்கரை) பாறைச் சரிவுகளிலிருந்தும், மத்திய ஐரோப்பாவிலிருந்தும், துருக்கி, சைப்ரஸ் பக்கத்திலிருந்தும் வந்தவை. காஷ்மீரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஐரிஸ் காஷ்மீரியானா என்ற வெள்ளை ஐரிஸை அங்கே கல்லறைகளின் மேல் நட்டு வளர்ப்பார்கள், மண் போட்டு மூடிய பழைய வீட்டுக் கூரைகளிலும் அது பூத்ததுண்டு. பனி உருகும் ஈரமும் மார்ச், ஏப்ரல் மழையும் அதற்குக் கிடைக்கும், பூத்து முடிந்தபின் வரும் தென்மேற்குப் பருவமழையைப் பீர் பஞ்சால் மலை பெரும்பாலும் தடுத்துவிடும். கூரையோ கல்லறை மேடோ, தண்ணீர் அங்கே நிற்காது. இத்தாலியில் வாசனைத் திரவியத்துக்காக ஐரிஸ் பல்லிடாவைப் பயிரிடும் டஸ்கனி விவசாயிகளும் கல்லும் மண்ணுமான மேட்டு நிலத்தைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள், பாசனம் கிடையாது. உங்கள் டென்வர் வருடத்துக்கு 14, 15 அங்குலம் மட்டுமே மழை காணும் ஊர், அதுவும் சரிவில் நட்டிருந்தீர்கள். செடிக்குத் தாய்வீடு மாதிரி இருந்திருக்கும்.

களிமண்காரி:

நான் வட அலபாமா. மழைநிழல் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் வானத்தை மாற்ற முடியாது, பாத்தியை மாற்றலாம். எங்கள் பக்கம் தாடி ஐரிஸ் நன்றாகவே வருகிறது, அடுத்த மாநிலமான டென்னசிக்கு மாநில மலரே ஐரிஸ்தான். அதனால் மனம் விடாதீர்கள்.

முதல் வேலையாக அந்த ஸ்பிரிங்ளரை நிறுத்துங்கள், இன்றைக்கே. புல்லுக்கு விடும் தண்ணீரும் புல்லுக்குப் போடும் தழைச்சத்து உரமும் ஐரிஸுக்கு ஆகாது. தழைச்சத்து கூடினால் கிழங்கு ஊதிக்கொண்டு பஞ்சு மாதிரி வளரும், அழுகலுக்குக் கதவைத் திறந்து வைத்ததுபோல ஆகிவிடும். அப்புறம் பைன் ஊசியைக் கிழங்கின் மேலிருந்து சுத்தமாக வழித்தெடுங்கள். மற்றச் செடிகளுக்கு அது நல்லதுதான், ஈரத்தைப் பிடித்து வைக்கும், இங்கே நமக்கு வேண்டாததும் அதுவேதான். கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும், வெயில் நேராக அதன்மேல் பட வேண்டும்.

ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை, இரவு வெப்பம். டென்வரில் ஜூலை இரவு சுமார் 15 டிகிரிக்கு இறங்கிவிடும், காற்றும் காய்ந்த காற்று, பகலில் நனைந்தது பொழுது சாய்வதற்குள் உலர்ந்துவிடும். அட்லாண்டாவில் இரவிலும் 22 டிகிரி, விடியும்போது இலையெல்லாம் பனி. மாலையில் நனைந்த கிழங்கு மறுநாள் பத்து மணி வரை ஈரமாகவே கிடக்கும். மழை குறைந்த வாரத்திலும் அழுகல் நிற்காமல் போவதற்கு இதுதான் காரணம், காலை வெயில் வேண்டும் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். உங்களுக்குக் காலை ஐந்து மணி நேரம் இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் கூடினால் ரொம்ப நல்லது, அந்த ஓக் மரத்தின் கீழ்க்கிளையைக் கழிக்கப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள்.

மிச்சத்தைக் காப்பாற்ற: கொத்தை முழுதாகத் தோண்டி எடுங்கள். கூழான பகுதியைப் பழைய கரண்டியால் சுரண்டுங்கள், கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை, கொஞ்சம்கூட இரக்கம் பார்க்காமல். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் முக்கி எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை போட்டு வையுங்கள். ஒவ்வொரு கிழங்குக்கும் நடுவில் கத்தியையும் அதே கரைசலில் நனைத்துத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நீங்களே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவீர்கள். அவசரமாகத் திரும்ப நடாதீர்கள். ஐரிஸ் கிழங்கு நிழலில் காய்ந்தபடி சில வாரங்கள் தாராளமாகத் தாங்கும். நம் பக்கம் செப்டம்பர் கடைசி, அக்டோபர்தான் நடுவதற்கு நல்ல நேரம், வெக்கை தணிந்திருக்கும், உறைபனிக்கு முன் வேர் பிடிக்க ஆறு வாரம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. தோண்டும்போது இலை அடியில் வெள்ளை நூல் மாதிரி பூசணமும், கடுகு அளவில் பழுப்பு உருண்டைகளும் தெரிகின்றனவா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் அது பாக்டீரியா இல்லை, ஸ்கிளிரோஷியம் பூஞ்சை, தெற்கத்தி வெக்கைக்கே உரியது. அதில் நாற்றம் இருக்காது, இலை அடியில்தான் முதலில் அழுகும். அந்தக் கடுகுகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், எனவே அந்த இடத்து மேல்மண்ணை அள்ளிக் குப்பையில் போட்டுவிட வேண்டும், உரக்குழியில் போடவே கூடாது.

வெயில்காடு:

டாலஸிலிருந்து எழுதுகிறேன். மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் ‘ஐரிஸுக்குத் தண்ணீரே வேண்டாம்’ என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த எண்ணத்தால் எங்கள் பக்கம் செடி சாவதில்லை, ஆனால் பூக்காமல் நிற்கிறது. ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும், அதன் பக்கவாட்டில் கிளைக்கும் குட்டிக் கிழங்குகள்தான் அடுத்த வருடப் பூ. அந்தக் குட்டிகள் பூ முடிந்த அடுத்த சில வாரங்களில்தான் புது வேர் விட்டுப் பருக்கின்றன. அந்த நேரத்தில் மண் எலும்பாகக் காய்ந்து கிடந்தால் குட்டி சூம்பிவிடும். வசந்தத்தில் தண்டு கிளம்பும்போதும், பூ முடிந்த கையோடும், புதிதாக நட்டபோதும் நன்றாக ஆழமாக ஒரு தடவை விட்டு, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்தது. ஜூலை, ஆகஸ்டில் செடி அசந்து தூங்கும், அப்போது கைவைக்காதீர்கள். அட்லாண்டாவில் மழையே இந்த வேலையைச் செய்துவிடும், நீங்கள் குழாயைத் திறக்கவே தேவைப்படாது.

இன்னொன்று, கிழங்கு முழுக்க வெளியே தெரிய வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. இங்கே 40 டிகிரி வெயிலில் முதுகு வெந்துபோகும், வெந்த இடம் வழியாக அழுகல் நுழையும், அதனால் இளகிய மண்ணில் ஓர் அங்குலம் வரை மூடி நடுகிறோம். உங்கள் களியில் நான் அப்படிச் செய்ய மாட்டேன், களிமண்காரி சொன்னதுதான் சரி.

நீங்கள் பார்த்த அந்தக் குட்டை வெள்ளை அநேகமாக ஐரிஸ் அல்பிகன்ஸாக இருக்கலாம். ஏமன், அரேபியா பக்கத்திலிருந்து கல்லறைச் செடியாக முஸ்லிம் நாடுகள் நெடுகப் பரவி, ஸ்பெயின் வழியாக அமெரிக்காவுக்கு வந்தது. தெற்கு மாநிலங்களின் பழைய இடுகாடுகளில் இன்றும் பார்க்கலாம். விதை பிடிக்காது, கிழங்காலேயே இவ்வளவு தூரம் பயணம் செய்த செடி. புது ரகங்களைப்போல மடிப்பு மடிப்பாகப் பெரிய பூவுக்காக வளர்த்தெடுக்கப்பட்டதில்லை, அதனால் தாங்கும். அந்த வீட்டுக்காரரிடம் ஒரு கிழங்கு கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

பனிக்காலம்:

வணக்கம் அண்ணை. நான் கனடாவில் ஸ்காபரோ. ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது. அந்தப் பாக்டீரியாவால் நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு போக முடியாது, காயம் வேண்டும். மண்வெட்டி பட்ட வெட்டு, ஆலங்கட்டி, புல்வெட்டி உரசிய இடம், எதுவும் போதும். எங்கள் பக்கம் அந்தக் காயத்தைச் செய்வது ஐரிஸ் துளைப்பான் புழு. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுக்க அதன் ராச்சியம்தான், ஒரேகான்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. இலையுதிர் காலத்தில் அந்துப்பூச்சி காய்ந்த இலைகளில் முட்டையிடும், வசந்தத்தில் பொரித்து மயிர்போன்ற புழு இலைக்குள் நுழையும். இலை ஓரம் அரித்ததுபோல இருக்கும், உள்ளே ஈரக்கோடு ஒன்று கீழ்நோக்கி ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் வடிவாகத் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு விரலுக்குள் இலையை வைத்து நசுக்கிவிட்டால் கதை முடிந்தது. விட்டுவிட்டால் ஜூன் கடைசியில் கிழங்குக்குள் இறங்கி, விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பாகக் கொழுத்துவிடும், அது குடைந்த வழியெல்லாம் அழுகல். ஆகவே அழுகிய கிழங்கை வெறுமனே எறியாமல் பிளந்து பாருங்கள், சுரங்கமோ புழுவோ இருந்தால் உங்கள் பிரச்சினை ஈரம் மட்டுமில்லை. பனிக்காலத்துக்கு முன் காய்ந்த இலையை எல்லாம் பொறுக்கி அகற்றினால் முட்டையும் போகும், இலைப்புள்ளிப் பூஞ்சையும் குறையும்.

குளிரைப் பற்றியும் ஒன்று. இங்கே மைனஸ் 20-ஐ இந்தச் செடி பொருட்படுத்தாது, பனி மூடிக் கிடந்தால் இன்னும் நல்லது. பனியில்லாமல் மண் உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி வந்தால்தான் புதுக்கிழங்கு மேலே கிளம்பி வேர் அறுந்துபோகும். பூக்கண்காட்சி பார்க்க ஆசையென்றால் ஜூன் முதல் பாதியில் பர்லிங்டனில் உள்ள லேக்கிங் தோட்டத்துக்கு ஒருக்கால் வாருங்கள், பாத்தி பாத்தியாக ஐரிஸ்.

செம்மண்மேடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலையே இரண்டு கொத்தைத் தோண்டிப் பிளந்து பார்த்தேன். புழுவும் இல்லை, கடுகும் இல்லை, நல்ல நாற்றம் பிடித்த கூழ்தான், அப்படியானால் பாக்டீரியா. ஒவ்வொரு கிழங்கிலும் அழுகல் பைன் ஊசிக்கு அடியில் இருந்த பக்கத்தில்தான் தொடங்கியிருக்கிறது, வெயில் பட்ட முனை கெட்டியாக இருக்கிறது. ஸ்பிரிங்ளரில் அந்தப் பகுதியை அடைத்துவிட்டேன். பாத்தியை எப்படி அமைப்பது? களியில் மணல் கலக்கலாமா?

களிமண்காரி:

மணல் வேண்டாம். களியில் கொஞ்சம் மணல் சேர்த்தால் செங்கல்தான் கிடைக்கும். குழி தோண்டி அதில் நல்ல மண்ணை நிரப்புவதும் வேண்டாம், சுற்றிலும் களி இருப்பதால் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். மேடாகக் கட்டுங்கள். தரைக்கு மேல் ஒரு முழம் உயரம் இருந்தால் நல்லது, முக்கால் அடி இருந்தாலும் பழுதில்லை. உங்கள் களியோடு பொடித்த பைன் பட்டையையும் சிறு சல்லியையும் தாராளமாகக் கலந்து, மழைநீர் ஓடும் திசைக்குச் சரிவு கொடுங்கள். கிழங்கை வைக்கும்போது நடுவில் சிறு மண் முகடு செய்து அதன்மேல் கிழங்கை உட்காரவைத்து, வேர்களை இரு பக்கமும் கீழே இறக்கி அழுத்தி மூடுங்கள், முதுகு வெளியே இருக்கட்டும். ஓர் அடி, ஒன்றரை அடி இடைவெளி, நெருக்கி நட்டால் காற்று புகாது. ஜார்ஜியா செம்மண் பெரும்பாலும் புளிப்பு (அமில) மண், ஐரிஸுக்கு நடுநிலைக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும், உங்கள் கவுண்டியின் ஜார்ஜியா பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகத்தில் மண் பரிசோதித்துச் சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டுப் போடுங்கள். கணக்கில்லாமல் கொட்டாதீர்கள்.

புதிதாக ஏதாவது வாங்குவதானால் இம்மார்ட்டாலிட்டி என்ற வெள்ளை ரகத்தை முதலில் வாங்குங்கள். லாயிட் ஸுர்பிரிக் 1982-இல் பதிவுசெய்தது, வருடத்தில் மறுபடியும் பூக்கும் வகை. மறுபடி பூக்கும் ரகங்கள் கோடையிலும் வளர்ந்துகொண்டே இருக்கும், கோடைத் தண்ணீரை மற்றவற்றைவிடப் பொறுத்துக்கொள்ளும், நம் பக்கத்துக்கு அதுதான் தோது.

மாடித்தோட்டம்:

குறுக்கே ஒரு கேள்வி, சென்னையில் தொட்டியில் இதை வளர்க்க முடியுமா? இணையத்தில் கிழங்கு விற்கிறார்கள்.

மழைநிழல்:

வாங்காதீர்கள், காசு வீண். மண்ணும் மழையும் எப்படியாவது சமாளிக்கலாம், தொட்டியை மழைக்கு உள்ளே எடுத்து வைக்கலாம், ஆனால் பூ கட்டுவதற்குப் பல வாரக் குளிர் வேண்டும், அது சென்னையில் கிடையாது. இலை கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் நைந்துவிடும். அதே குடும்பத்தில் உங்கள் வெக்கைக்குத் தாங்கும் செடிகள் இருக்கின்றன. மஞ்சள் பூ விடும் வாக்கிங் ஐரிஸ் நர்சரிகளில் கிடைக்கும், புள்ளி போட்ட ஆரஞ்சுப் பூவுள்ள பிளாக்பெர்ரி லில்லியும் வரும், இதைத் தாவரவியலில் இப்போது ஐரிஸ் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

செம்மண்மேடு நண்பருக்கு இன்னொன்று. தண்ணீர் தேங்கும் அந்தக் குழியை மண் போட்டு மூடாதீர்கள், லூசியானா ஐரிஸ் வைத்துவிடுங்கள். சதுப்பு நிலத்துச் செடி, உங்கள் புளிப்பு மண்ணும் கோடை மழையும் அதற்கு விருந்து. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘யெல்லோ ஃபிளாக்’ என்ற மஞ்சள் ஐரிஸை மட்டும் வைக்காதீர்கள், ஓடைக்குள் இறங்கினால் கரையையே பிடித்துக்கொள்ளும், பல மாநிலங்களில் அதை ஆக்கிரமிப்புச் செடியாக அறிவித்திருக்கிறார்கள்.

செம்மண்மேடு:

சரி, குழிக்கு லூசியானா, மேட்டுக்கு டென்வர் கிழங்குகள். சுரண்டிக் கழுவிய கிழங்குகளை கராஜில் வலைத்தட்டில் பரப்பிவிட்டேன், பெயர்ச்சீட்டும் கட்டியாயிற்று. அக்டோபரில் நட்டதும் பாத்தியின் படத்தை இங்கேயே போடுகிறேன்.